அறுபது வாட் போதும்

நைனார்பாளையம் மாதிரியான ஊர்களில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. சைக்கிள் ஓட்டுகிற நடுவயதுக்காரர் அதைவிடக் குறைவு. பிளஸ் ஒன் படித்த மகனுக்கோ மகளுக்கோ பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி, பிள்ளை கல்லூரிக்குப் பஸ் ஏறியதிலிருந்து மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாய்ந்து கிடக்கும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001இல் தொடங்கிய திட்டம் அது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர் எல்லாருக்கும் என்று 2005இல் விரிந்தது. வண்டி வந்தது பிள்ளைக்கு. இப்போது தேவைப்படுவது அப்பாவுக்கு. வயது நாற்பத்தைந்து, சட்டைப் பட்டனை இழுக்கும் தொப்பை, ரத்தப் பரிசோதனையில் எல்லையைத் தொட்டு நிற்கும் சர்க்கரை. வேலைக்குப் போகும் இடம் ஐந்து கிலோமீட்டர்; இதுவரை பைக்கில்தான் போய்வந்தார்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு மிதிக்க முடியுமா என்பதுதான் அவருக்கு முதல் சந்தேகம். பலர் ஆரம்பித்த வேகத்தில் விட்டுவிடுவதையும் அவர் பார்த்திருக்கிறார். முதல் நாள் பதினெட்டு வயது நினைப்பில் ஏறி மிதிப்பார்கள். அரை கிலோமீட்டரில் மூச்சு வாங்கும். சாயங்காலம் முட்டி வலிக்கும். மறுநாள் வண்டி கொட்டகைக்கே திரும்பிவிடும். உடம்பு ஆகாது என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் உடம்பின் மேல் உள்ள குற்றம் சிறியது. வேகம், சீட்டின் உயரம், டயரில் காற்று இந்த மூன்றும்தான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கின்றன.

எவ்வளவு சக்தி வேண்டும்?

ஓட்டுகிறவர் 75 கிலோ, வண்டி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளமான தார்ச்சாலை, காற்று இல்லை, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சைக்கிள் சமாளிக்க வேண்டிய எதிர்ப்புகள் இரண்டு. தரையில் அழுந்தி நசுங்கியபடி உருளும் டயர் ஏறக்குறைய 30 வாட் தின்கிறது. எதிரே இருக்கும் காற்றைப் பிளந்துகொண்டு போக இன்னொரு 26 வாட். செயினில் விரயமாவதையும் சேர்த்தால் 60 வாட். வீட்டுக் கூரையில் சுற்றும் சாதாரண மின்விசிறிக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும். உடற்பயிற்சியே செய்யாத, வேறு நோய் இல்லாத நடுவயதுக்காரரால் இருபது நிமிடம் தரக்கூடிய அளவுதான் இது.

அதே ஆள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போக ஆசைப்பட்டால் தேவை நூறு வாட்டைத் தாண்டிவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு 15இல் போனால் இருபது நிமிடம், 20இல் போனால் பதினைந்து நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு. மூச்சு வாங்குவது இதனால்தான்.

எதிர்காற்றும் இதே வேலையைச் செய்யும். ஆடி மாதத்தில் மேற்கே பார்த்துப் போகிறவருக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால் போதும். பழைய 15ஐப் பிடித்து வைக்கவே நூறு வாட் வேண்டும். அப்போது வேகத்தைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, மூச்சைத்தான் காப்பாற்ற வேண்டும். வேகம் பத்து, பதினொன்றுக்கு இறங்கட்டும். உழைப்பு அதே அறுபது வாட்டில் நிற்கும். இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போக முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. மிதமான உழைப்புக்கு மருத்துவர்கள் சொல்லும் அடையாளம் இதுதான்.

நூற்று நாற்பது ஆண்டு பழைய அமைப்பு

முன்னும் பின்னும் ஒரே அளவுச் சக்கரம், நடுவில் பெடல், பின்சக்கரத்தைச் செயினால் இழுப்பது என்ற இந்த அமைப்பு 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளோடு நிலைபெற்றது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அடிப்படை மாறவில்லை. நம்மூருக்கு இது பெருவாரியாகக் கிடைத்தது, 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பிறகு. அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஒரு தலைமுறையின் வண்டிகள்.

இந்த இயந்திரம் எவ்வளவு சிக்கனமானது என்று 1973இல் எஸ்.எஸ். வில்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார். ஒரு கிலோமீட்டர் நடக்கச் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதே தூரத்தைச் சைக்கிளில் கடந்துவிடலாம். உடல் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது, தொடைத் தசை மட்டும் சீராக வேலை செய்கிறது. எடை கூடியவருக்கும் முட்டி பலவீனமானவருக்கும் நடையைவிட இது எளிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சிக்கனத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் செலவாவது எண்பது கலோரி அளவுக்குத்தான். டீக்கடையில் கூடுதலாக ஒரு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். தொப்பை ஒரு மாதத்தில் கரையும் என்று எதிர்பார்த்து ஏறுகிறவர் ஏமாந்துபோவார். முதலில் கிடைக்கும் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது.

சீட்டும் பல்லும்

கொட்டகையிலிருந்து எடுத்த வண்டியின் சீட்டு பிள்ளைக்கு வைத்த உயரத்திலேயே இருக்கும். கால் தரையில் ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் பெரியவர்களும் அதைத் தாழ்வாகவே வைத்துக்கொள்வார்கள். முட்டி வலிக்கு முக்கியக் காரணம் இது. சீட்டு தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கும். மடங்கிய நிலையில் பலம் கொடுக்கும்போது முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் அழுத்தமாகப் பதியும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி வண்டியில் உட்காருங்கள். பெடலை அடிக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும். அப்போது முட்டியில் இலேசான மடிப்பு தங்கும். ஒரேயடியாக ஏற்றப் பயமாக இருந்தால் நாலு நாளைக்கு ஒருமுறை விரற்கடை அளவு ஏற்றலாம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் பயம் போய்விடும். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருந்தால் அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

அடுத்தது பல். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றி வண்டியை ஐந்தரை மீட்டர் தள்ளும். இளம் கால்களுக்கு இது சரி. புதிதாகத் தொடங்குகிறவர் சைக்கிள் கடையில் சொல்லி 22 பல் ஃப்ரீவீல் போட்டுக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர்தான் போகும். ஆனால் மிதிக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். அழுத்தி மெதுவாக மிதிப்பதைவிட இலகுவாகக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவது முட்டிக்கு நல்லது. ஏரிக்கரை ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் ஏறிவிடுவதற்கும் இது உதவும்.

வால்டியூப் மகிமை

காற்றுக் குறைந்த டயர் தரையில் அதிகமாக நசுங்கும். நசுங்கி விரியும் ஒவ்வொரு முறையும் ரப்பர் சூடாகிறது. அந்தச் சூடு உங்கள் தொடை கொடுத்த சக்தி. ஆளை ஏற்றி உட்காரவைத்துப் பின்னால் நின்று பார்த்தால், டயர் தரையில் பட்டையாகப் பரவி உட்கார்ந்திருக்கக் கூடாது.

பழைய மாதிரிச் சைக்கிள்களில் காற்று நிற்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயால். வால்வின் நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் உலோகத் தண்டை இழுத்தால், அதன் பக்கவாட்டில் ஒரு பொடித்துளையும் அதை மூடியபடி மாட்டிய வால்டியூப்பும் தெரியும். பம்பு அடிக்கும்போது காற்று அந்தத் துளை வழியாக ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் அழுத்தமே ரப்பரைத் துளையோடு ஒட்டவைத்து அடைத்துவிடும். ஸ்பிரிங் இல்லை, பூட்டு இல்லை. வெயிலில் கிடந்த வண்டியில் இந்த ரப்பர் வெடித்துப்போயிருக்கும். பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சோதனை. டியூப்பை மாற்றுவதற்கு முன் சில ரூபாய்க்குக் கிடைக்கும் வால்டியூப்பை மாற்றிப் பாருங்கள். வாரம் ஒருமுறை காற்றும், செயினுக்கு இரண்டு மூன்று சொட்டு எண்ணெயும் போதும். எண்ணெய் வழிய வழிய ஊற்றினால் செம்மண் தூசி அதில் ஒட்டிச் செயினை அரைத்துவிடும்.

சாலையில்

மக்காச்சோள அறுவடை முடிந்தால் சாலையில் பாதி களமாகிவிடும். காயும் மணிகளின் மேல் சக்கரம் ஏறினால் அவை உருளும், வண்டி சறுக்கும். அங்கே பிரேக் பிடிப்பதும் ஹேண்டில்பாரை ஒடிப்பதும் ஆகாது. வேகத்தை முன்பே குறைத்துக்கொண்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து ஒதுங்க வேண்டும். கரும்பு டிராக்டர் முந்தும்போது அதன் பக்கவாட்டில் தொங்கும் சோகை எவ்வளவு அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கணிக்க முடியாது. மண்ணில் இறங்கி நின்றுவிடுவதே நல்லது. இரும்பு ரிம்மில் மழைநீர் பட்டால் பிரேக் கட்டையின் பிடி வெகுவாகக் குறையும். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் ஏற அவசரப்பட வேண்டாம். ஆளையும் வண்டியையும் சேர்த்து 95 கிலோவை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே, சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் போக ஆகும் ஆற்றலைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். அது கியர் வைத்த வண்டிக்கும் பழகிய காலுக்கும் உள்ள வேலை.

உடம்பில் நடப்பது

முதல் வாரம் உட்காரும் இடம் வலிக்கும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் சீட்டில் அழுந்துவதால் வரும் வலி இது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டொரு வாரத்தில் பழகிவிடும். மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடை கொடுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் மூன்று, நான்கு மடங்கு வெப்பமாக வெளியேறுவதால் வேர்வை ஊற்றும். ஓடும்போது காற்றில் உலர்வது நின்றதும் வழியும். ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் மாற்றுச் சட்டை போட்டுக்கொள்ளலாம்.

சில வாரங்களில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளுகிறது, தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. அதே ஏரிக்கரை, அதே ஆள், ஆனால் மூச்சு வாங்காது. சர்க்கரைக்கு இன்னும் நேரடியான பலன் உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இதனாலேயே இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும், பையில் இரண்டு மிட்டாய் இருக்க வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம் வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆலைத் தொழிலாளர்களையும் ஊரில் இருக்கும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் வைத்துச் சுமார் 3,900 பேரிடம் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடம் உடல் பருமன், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் குறைவாக இருந்தன. பிரிட்டனில் சராசரி வயது ஐம்பதைத் தாண்டிய இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஐந்து ஆண்டு கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவு. ஆரோக்கியமானவர்கள்தான் சைக்கிளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்ற வாதம் உண்டு. அதற்கு இடம் விட்டுப் பார்த்தாலும் இது சிறிய எண் இல்லை.

இந்த வயதில் கற்றுக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் புதுக்கோட்டையை நினைக்கலாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அங்கே பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பார் இருந்தால் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

தொடங்குவதற்கு ஒரு வழி: திங்கட்கிழமை காலை சைக்கிளில் போய், வண்டியை வேலையிடத்தில் விட்டுவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவது. செவ்வாய் காலை பஸ், சாயங்காலம் சைக்கிள். இரண்டு வாரம் இப்படிப் போனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மிதிக்க வேண்டியிருக்கும். பிறகு இரு வழியும் சைக்கிள். போக இருபது, வர இருபது என்று வாரம் ஐந்து நாள் மிதித்தால் இருநூறு நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்கு வகுத்த மிதமான உழைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். விடிகாலையில் வாக்கிங்குக்கென்று தனியாக எழுந்திருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய்வந்தாலே கணக்கு முடிந்துவிடுகிறது.