முகத்தைப் பந்தயம் வைக்கும் பயில்வான்கள்

1984-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மெக்சிகோ நகரில் ஒரு சவ அடக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வந்தார்கள். பெட்டிக்குள் கிடத்தப்பட்டிருந்தவரின் முகத்தில் வெள்ளி நிற முகமூடி. அதைக் கழற்றாமலேயே அடக்கம் செய்தார்கள்.

இறந்தவர் அரசியல் தலைவர் அல்ல. சினிமா நட்சத்திரம் என்றால் பாதி உண்மை. அவர் ஒரு மல்யுத்தப் பயில்வான்! "எல் சான்டோ" என்பது அவருடைய கோதாப் பெயர். "புனிதர்" என்று பொருள். 1942 முதல் 1982 வரை நாற்பது ஆண்டுகள் கோதாவில் நின்றவர், அத்தனை காலமும் ரசிகர்களுக்குத் தன் முகத்தைக் காட்டியதே இல்லை.

மல்யுத்தம் செய்கிறவருக்கு முகமூடி எதற்கு?

எல்லை தாண்டி வந்த ஆட்டம்

மெக்சிகோ புரட்சிப் படையில் அதிகாரியாக இருந்து, பிறகு அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் சால்வடோர் லுட்டெரோத். 1929-ல் எல்லை ஊரான சியூடாட் ஜுவாரெசில் வசித்தபோது, ஆற்றைத் தாண்டி அமெரிக்காவின் எல் பாசோ நகருக்குப் போய் மல்யுத்தம் பார்த்தார். பார்த்தவருக்கு அது பித்தாகவே ஆகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார். 1933-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி மெக்சிகோ நகரில் அவருடைய கம்பெனியின் முதல் போட்டி நடந்தது.

1943-ல் "அரீனா கொலிசியோ" என்ற அரங்கைக் கட்டினார். லாட்டரியில் விழுந்த பரிசுப் பணம்தான் அதற்கு மூலதனம் என்பார்கள். 1956-ல் அதைவிடப் பெரிய "அரீனா மெக்சிகோ" எழுந்தது. அதில் 16 ஆயிரம் பேர் உட்காரலாம்.

இந்த ஆட்டத்துக்கு "லூச்சா லிப்ரே" என்று பெயர். கட்டற்ற மல்யுத்தம் என்று சொல்லலாம். மூன்று சுற்றில் இரண்டை வென்றவருக்கு வெற்றி. பயில்வான்களில் இரண்டு கட்சி உண்டு. முறைப்படி மோதுகிறவர் "டெக்னிகோ." நடுவர் திரும்பும்போது கண்ணைக் குத்துகிறவர் "ருடோ." அதாவது முரடர். கயிற்றின் மேல் ஏறிப் பறவை போல் பாய்வது மெக்சிகோக்காரர்களுக்கே உரிய வித்தை.

செருப்புத் தைப்பவரின் கைவேலை

முகமூடி வந்தது 1934-ல். அமெரிக்கப் பயில்வான் ஒருவர், "முகமூடி அணிந்த அற்புதம்" என்ற பெயரில் கோதாவில் இறங்க விரும்பினார். செருப்புத் தொழிலாளியான அந்தோனியோ மார்ட்டினெஸ் அவருக்குத் தோலில் ஒன்று தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பயில்வான்கள் அவர் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. முகமூடியைப் பந்தயம் வைத்து மோதுவது அந்த நாட்டு வழக்கம். தோற்றவர் கோதாவிலேயே, எல்லோரும் பார்க்க, முகமூடியைக் கழற்ற வேண்டும். தன் சொந்தப் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். மறுநாள் பத்திரிகைகளில் படத்துடன் வந்துவிடும். பிறகு அந்த முகமூடியை அவர் அணியக் கூடாது. முகமூடி இல்லாதவர்கள் தலைமுடியைப் பந்தயம் வைப்பார்கள். தோற்றால் கோதாவிலேயே மொட்டை!

1952 நவம்பர் 7-ந் தேதி

அப்படிப்பட்ட பந்தயங்களில் பெரியது இந்தத் தேதியில் நடந்தது. ஒரு பக்கம் சான்டோ. இயற்பெயர் ரொடோல்போ குஸ்மான் உவெர்த்தா. டுலான்சிங்கோ என்ற ஊரில் 1917-ல் பிறந்தவர். பெயர்தான் புனிதர், அந்தக் காலத்தில் அவர் பக்கா முரடர் கட்சி. மறுபக்கம் "பிளாக் ஷாடோ." கறுப்பு நிழல் என்று அர்த்தம். அன்று தோற்றது நிழல். முகமூடி கழன்றது. அலெஹாந்த்ரோ குரூஸ் என்ற இளைஞரின் முகத்தை நாடே பார்த்தது.

கோதாவில் அவருக்கு "சகோதரராக" இருந்தவர் "புளூ டீமன்" என்ற நீல முகமூடிக்காரர். சகோதரனின் முகத்தைப் பறித்தவனைச் சும்மா விடுவாரா? 1953-ல் சான்டோவைத் தோற்கடித்து, அவரிடமிருந்த உலக சாம்பியன் பட்டத்தையே பறித்துக்கொண்டார்.

புளூ டீமனைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்ல வேண்டும். அவர் இளமையில் மாண்டெர்ரே நகரில் ரயில்வே தொழிலாளி! அவருடைய பெரிய கைகளைப் பார்த்து உடன் வேலை செய்தவர்கள் "பெருங்கையன்" என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். ரயில்வேயில் பைலைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டும் எனக்கு, எத்தனையோ பயில்வான்களில் இவர் மேல் தனி அபிமானம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

எல்லாம் ஏற்பாடுதானே?

"யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்களாமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கயிற்றின் மேலிருந்து தரையில் விழும் முதுகு நிஜமான முதுகு. பேசி வைத்துத் தோற்றாலும், போன முகமூடி போனதுதான். பிளாக் ஷாடோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மோதினார். ஆனால் வெறும் முகத்தோடு.

சான்டோவின் புகழ் கோதாவோடு நிற்கவில்லை. 1952-ல் ஹோசே குரூஸ் என்பவர் அவரைக் கதாநாயகனாக வைத்துப் படக்கதைப் பத்திரிகை தொடங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட சினிமாப் படங்களில் நடித்தார். 1962-ல் வந்த படத்தில் இரத்தம் குடிக்கும் பெண் பேய்களோடு சண்டை! கோட்டும் சூட்டும் போட்டாலும் முகமூடியைக் கழற்ற மாட்டார். படப்பிடிப்புக்கு வெளிநாடு போகும்போது, பாஸ்போர்ட் சோதனையில் தன் முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று படக் குழுவினரோடு போகாமல் வேறு விமானத்தில் போவார் என்று சொல்வார்கள்.

பெண்களும் இந்த ஆட்டத்தில் உண்டு. ஆனால் 1950-களிலிருந்து 1986 வரை தலைநகரில் பெண்கள் மோதக் கூடாது என்று தடை இருந்தது. இர்மா கொன்சாலஸ் போன்ற கெட்டிக்காரர்கள் வெளியூர்க் கொட்டகைகளில்தான் பிழைக்க வேண்டியிருந்தது. இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

"பிரே தோர்மெந்தா" என்ற முகமூடிக்குள் இருந்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அநாதைக் குழந்தைகளுக்குச் சோறு போட, இருபது ஆண்டுகளுக்கு மேல் கோதாவில் அடி வாங்கினார். 1985 செப்டம்பர் 19-ந் தேதி நடந்த பூகம்பத்தில் மெக்சிகோ நகரில் ஏராளமான வீடுகள் இடிந்தன. குடியிருந்தவர்களை வீட்டுக்காரர்கள் வெளியேற்றப் பார்த்தபோது, 1987-ல் சிவப்பு முகமூடியும் மஞ்சள் அங்கியுமாக ஒருவர் தெருவில் வந்து நின்றார். "சூப்பர் பாரியோ" என்று பெயர் வைத்துக்கொண்டார். ஊர்வலங்களில் முன்னால் நடந்தார், அதிகாரிகளிடம் மனு கொடுத்தார். முகமூடியை மட்டும் கழற்றவில்லை.

மூவரின் முடிவு

1984 ஜனவரி கடைசியில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் சான்டோ வந்து உட்கார்ந்தார். பேச்சின் நடுவே எதிர்பாராமல் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். வயதான முகம் ஒன்று பாதி தெரிந்தது. சில நாட்களிலேயே, பிப்ரவரி 5-ந் தேதி, மாரடைப்பில் காலமானார். அவருடைய மகன் அதே வெள்ளி முகமூடியை அணிந்து கோதாவில் தொடர்ந்தார்.

புளூ டீமன் யாரிடமும் முகமூடியை இழக்கவில்லை. 2000-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி இறந்தபோது, அவரையும் நீல முகமூடியுடனேயே அடக்கம் செய்தார்கள்.

பிளாக் ஷாடோ 2007 வரை இருந்தார். தெருவில் நடந்தால் அவரை எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.