இழை ஓடும் திசையே வலிமை: கார்பன் நடைக்கோலின் அறிவியல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதி பொதுவாக உலோகத்தின் நிலமாகவே அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் 2010-இல் ரெனோ–நிஸான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடத்தில் ஆலைகள் அடுத்தடுத்து எழ, எஃகுத் தகட்டை அழுத்துவதும் அலுமினியத்தை வார்ப்பதும் இப்பகுதியின் அன்றாடத் தொழிலாயின. ஆனால் உலோகமே அல்லாத ஒரு கட்டுமானப் பொருளும் இங்கு வேரூன்றியிருக்கிறது. வெஸ்டாஸ் நிறுவனத்தின் காற்றாலைகளுக்கு இறக்கைகள் செய்வதற்காக டிபிஐ காம்போசிட்ஸ் நிறுவனம் ஒரகடம் அருகே அமைத்த ஆலையில், இழைகளும் பிசினும் சேர்ந்து பல பத்து மீட்டர் நீள இறக்கைகளாக உருப்பெறுகின்றன. அந்த இறக்கையைத் தாங்கும் அறிவியலும், மலையேறுவோர் கையில் பிடிக்கும் இருநூறு கிராம் எடைகூட இல்லாத கார்பன் நடைக்கோலைத் தாங்கும் அறிவியலும் ஒன்றே.

கார்பன் இழை என்பது ஐந்து முதல் ஏழு மைக்ரான் வரை குறுக்களவு கொண்ட, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய நூல். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை இழையை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நிலைப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வாட்டும்போது, பிற தனிமங்கள் வாயுவாக வெளியேறிவிட, ஏறக்குறைய முழுவதும் கார்பன் அணுக்களாலான இழை எஞ்சுகிறது. ஜப்பானின் ஒசாகா நகரில் அரசு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அகியோ ஷிண்டோ இந்த வழியை வகுத்தார். டோரே நிறுவனம் 1971-இல் இதை வணிக உற்பத்தியாக்கியது. விமானங்களில் பரவலாக இடம்பெறுவதற்கு முன்பே இந்த இழை தூண்டில் கழிகளிலும் கோல்ஃப் மட்டைகளிலும் புகுந்துவிட்டது என்பதால், நடைக்கோல் இதன் பழைய உறவுகளில் ஒன்று எனலாம்.

இழை மட்டும் தனியாக இருந்தால் அது நூல்தான். இழுத்தால் தாங்கும், அழுத்தினால் மடங்கிவிடும். எபாக்சி என்னும் பிசின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுகிய பின்னரே அது கட்டுமானப் பொருளாகிறது. இவ்வாறு இரண்டு பொருள்கள் தத்தம் தன்மையை இழக்காமல் சேர்ந்து உருவாவதைக் கூட்டுப்பொருள் என்பர். காற்றாலை இறக்கையின் நீளவாட்டில், வளைவைத் தாங்கும் முதன்மைப் பட்டைகள் ஓடுகின்றன. கார்பன் இழைகளைப் பிசினில் நனைத்து, சூடான அச்சு வழியே இழுத்துச் செய்த பட்டைகளை அங்கே அடுக்கும் முறைக்கு வெஸ்டாஸ் 2002-இல் காப்புரிமை கோரியது. நடைக்கோலில் அளவு குறைகிறதே தவிர, இழைகளை நீளவாட்டில் கிடத்துவது என்னும் கொள்கை மாறுவதில்லை.

கோல் செய்யும் முறை பெரும்பாலும் சுருட்டு முறையாகும். பிசின் ஏற்கெனவே ஊறிய கார்பன் தாள், கெட்டியாகிவிடாதபடி உறைகுளிரில் சேமிக்கப்படுகிறது. தேவையான அளவில் வெட்டிய தாள்களை மெருகேற்றிய எஃகுக் கம்பி ஒன்றின்மேல் இறுக்கமாகச் சுருட்டி, வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் நாடாவை அதன்மேல் சுற்றி, அடுப்பில் ஏறத்தாழ 120 டிகிரி வெப்பத்தில் வைக்கும்போது, நாடா சுருங்கி அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்றைப் பிழிந்துவிட, பிசின் இறுகுகிறது. பின்னர்க் கம்பியை உருவியெடுத்தால் உட்கூடான குழாய் கிடைக்கிறது. பெரும்பாலான அடுக்குகளில் இழை நீளவாட்டில் செல்லும். சில அடுக்குகளில் மட்டும் குறுக்காகவோ சாய்வாகவோ செல்லும். குறுக்கு அடுக்கு இல்லாத குழாய் நீளவாட்டில் பிளந்துவிடும் என்பதால், அந்தச் சில அடுக்குகளே கோலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

நடைக்கோலின் மீது விழும் சுமை மேலிருந்து கீழாக, தண்டின் வழியே இறங்குகிறது. மெல்லிய நீண்ட தண்டு இத்தகைய சுமையில் நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து தோற்றுவிடும். ஆகவே அதற்கு முதன்மையாகத் தேவைப்படுவது விறைப்பு. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், கார்பன் கூட்டுப்பொருளினுடையது ஏறக்குறைய 1.6 கிராம். இழைகள் அனைத்தும் நீளவாட்டில் கிடக்கும்போது அத்திசையில் அதன் விறைப்பு அலுமினியத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. குறுக்குத் திசையிலோ அலுமினியத்தில் ஒரு சிறு பங்கே. இந்தப் பொருளின் பெருமையும் குறையும் இந்த ஒரே உண்மையில் அடங்கியிருக்கின்றன.

எடைக்குறைவின் பயன் நெடுந்தூர நடையில்தான் முழுமையாக வெளிப்படும். ஓரடிக்கு எழுபது சென்டிமீட்டர் எனக் கொண்டால், இருபது கிலோமீட்டர் நடக்கும் ஒருவர் ஒவ்வொரு கோலையும் இரண்டடிக்கு ஒருமுறையாக ஏறத்தாழ 14,000 முறை தூக்கி வைக்கிறார். ஒரு கோலில் அறுபது கிராம் குறைந்தால்கூட, ஒரு நாளில் அந்தக் கை தூக்கும் மொத்தச் சுமையில் 840 கிலோ குறைகிறது. இறக்கத்தில் பயன் முழங்காலுக்குச் செல்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர் ஷ்வாமெடரும் உடன் பணியாற்றியோரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, செங்குத்தான சரிவில் இறங்கும்போது கோல்கள் முழங்கால் மூட்டின் மீதான விசைகளை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைப்பதாகக் கண்டது. இந்தப் பயனைப் பெற, சமதரையில் முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரத்திலும், ஏற்றத்தில் சற்றுக் குறைத்தும், இறக்கத்தில் சற்று நீட்டியும் கோலை அமைத்துக்கொள்ள வேண்டும்.

குறையையும் அதே தெளிவோடு அறிந்துகொள்வது நல்லது. பாறை இடுக்கில் சிக்கிய அலுமினியக் கோல் வளையும். வளைந்ததை ஓரளவு நிமிர்த்திப் பயன்படுத்தலாம். கார்பன் கோல் முன்னறிவிப்பின்றி முறியும். முறிந்த முனையின் சிம்புகள் கையைக் கிழிக்கும். பக்கவாட்டில் விழுந்த ஆழமான கீறல் பின்னொரு நாளின் முறிவுக்குத் தொடக்கமாகலாம் என்பதால், நடை முடிந்ததும் தண்டைத் துடைத்து விரலால் தடவிப் பார்ப்பது நல்ல வழக்கம். மேலும், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோட்டங்களில் யானைகளைத் தடுக்க இட்டிருக்கும் மின்வேலியில் கோல் படக்கூடாது. இடிமின்னல் நேரத்தில் அதைக் கையில் வைத்திருக்கவும் கூடாது.

தமிழ்நாட்டில் கோலூன்றி மலையேறுவது புதிதன்று. கோவை மாவட்டத்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஏறும் பக்தர்கள், பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டே புறப்படுகிறார்கள். மூங்கிலும் நீளவாட்டில் ஓடும் நார்களை இயற்கைப் பிசின் பிணைத்த உட்கூடான கூட்டுப்பொருளே. இடையிடையே வரும் கணுக்கள் குழாய் நசுங்காமல் காக்கின்றன. குறைந்த விலையில் கிடைத்து, மண்ணில் மக்கிவிடும் அந்தத் தடி, ஆண்டுக்கு ஒருமுறை ஏறுபவருக்குப் போதுமானது. பல நாள் தொடர்ந்து சுமையுடன் நடப்பவருக்கும், மடக்கிப் பையில் வைக்க வேண்டியவருக்கும் கார்பன் கோல் பொருந்தும். கரடுமுரடான பாறைகளில் பழகாத கால்களோடு செல்பவருக்கு அலுமினியமே பாதுகாப்பானது.

குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ பல உயிர்களைப் பறித்தபின் கட்டுப்பாடுகளுக்குள் வந்த மலையேற்றத்துக்கு, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் நாற்பது வழித்தடங்களைத் திறந்தது. நடப்போர் பெருகும்போது கோல்களின் தேவையும் பெருகும். இழையைப் பிசினோடு சேர்த்து வார்க்கவும், அச்சுகளைத் துல்லியமாகக் கடையவும் பழகிய கைகள் ஒரகடம் வட்டாரத்திலேயே இருக்கும்போது, அக்கோல்களை இங்கே செய்வது கைக்கெட்டாத முயற்சியன்று. அப்படிச் செய்ய முன்வருவோர் எடையை மட்டும் அட்டையில் அச்சிட்டு விற்காமல், தண்டில் எத்தனை குறுக்கு அடுக்குகள் உள்ளன, எவ்வளவு சுமையில் அது வளையத் தொடங்கும், எத்தகைய பக்க அடியை அது தாங்காது என்பவற்றையும் வாங்குபவருக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும். செங்குத்தான சரிவில் தம் உடலெடையை அதன்மேல் சாய்க்கப்போகிறவருக்கு அவற்றை அறியும் உரிமை உண்டு.