நாற்பதில் நான்கு நரம்புகள்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நாம் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. பிள்ளைகளை இளமையிலேயே நெறிப்படுத்த வேண்டும் என்னும் நன்னோக்கில் எழுந்த இம்மொழி, நாளடைவில் மூத்தோரின் கல்விக்கு ஒரு வேலியாகவும் அமைந்துவிட்டது. புதிதாக ஒன்றைக் கற்க விழையும் நடுத்தர வயதினர், இதனைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றனர். இது எத்துணை உண்மை என்பதை 'உகுலேலே' என்னும் சிறு நரம்புக் கருவியின் வழியே ஈண்டுக் காண்போம்.

கருவி வந்த வழி

உகுலேலே, பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்கு உரியது. ஆயினும் அதன் வேர் போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த மதீராத் தீவில் உள்ளது. 23.8.1879 அன்று 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல், மதீராவிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்டோரைக் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹொனலுலுவில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூவரும் மரவேலையில் தேர்ந்தவர்கள். 1880களில் ஹொனலுலுவில் கடை வைத்த அவர்கள், தம் தாயகத்துச் சிறு கருவியை ஒட்டி இப்புதிய கருவியைச் செய்தனர். மன்னர் கலாகவுவா அதனைப் பெரிதும் ஆதரித்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் அதன் புகழ் பரவியது.

'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்பது அப்பெயருக்குப் பலரும் கூறும் பொருள். லிலியுவோகலானி அரசியாரோ 'இங்கு வந்து சேர்ந்த பரிசு' எனப் பொருள் கண்டார். பிழைப்புத் தேடிப் புலம்பெயர்ந்தோர் தந்த கருவிக்கு இப்பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது.

தொடங்குவோர்க்கு எளிது

'சோப்ரானோ' எனப்படும் சிறிய வகை ஏறத்தாழ 21 அங்குல நீளமே உடையது. கிட்டாருக்கு நரம்புகள் ஆறு, இதற்கு நான்கே. நைலான் நரம்புகளாதலின் விரல் நுனியை அதிகம் வருத்துவதில்லை. நரம்புகள் ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி சேர்க்கப்படும். கருவியை ஏந்தும்போது மேலே அமையும் 'ஜி' நரம்பு, அடுத்துள்ள இரண்டினும் உயர்ந்த ஒலி தருவது இதன் தனிச்சிறப்பு.

கீழ் நரம்பை மூன்றாம் மெட்டில் ஒரு விரலால் அழுத்தி, நான்கு நரம்புகளையும் மீட்டினால் 'சி' என்னும் சுரக்கூட்டு எழும். மேல் நரம்பை இரண்டாம் மெட்டில் அழுத்தினால் 'ஏ மைனர்' பிறக்கும். இரு விரல்களால் 'எஃப்', மூன்று விரல்களால் 'ஜி செவன்'. இந்நான்கையும் கைவரப் பெற்றவர் எளிய பாடல்கள் பலவற்றிற்குத் துணையிசை வாசிக்கலாம்.

தடை எங்கே?

நாமும் நாற்பதைக் கடந்த பின்னரே இக்கருவியைக் கையில் எடுத்தோம். ஒரு சுரக்கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு விரல்கள் மாறுமுன் தாளம் நின்றுவிடும். ஒருநாள் அடுத்த அறையில் நம் மகனின் சிரிப்பொலி கேட்டது. அன்று உறையிலிட்ட கருவியை ஒரு வாரம் தொடவில்லை. அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது: தடுத்தது விரல் அன்று, வெட்கமே! நாள்தோறும் வகுப்பில் பிறர் பிழையைத் திருத்தும் நமக்கு, நம் பிழை பிறர் செவியில் விழுவதைப் பொறுக்க இயலவில்லை.

இவ்வெட்கம் புதியதன்று. பிளேட்டோவின் 'யூதிடெமஸ்' உரையாடலில், தாம் முதிய வயதில் கொன்னஸ் என்பவரிடம் யாழிசை பயில்வதைச் சாக்ரடீஸ் குறிப்பிடுகிறார். உடன் பயிலும் சிறுவர்கள் அவரைக் கண்டு நகைத்தனராம். ஆசிரியரையும் கிழவர்களின் வாத்தியார் என்று கேலி செய்தனராம். ஆயினும் அவர் கற்பதை விடவில்லை.

நம் காலத்தில், நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் கேரி மார்கஸ், நாற்பதை நெருங்கும் வயதில் கிட்டார் பயின்று, அவ்வனுபவத்தை 2012இல் நூலாக்கினார். பயிற்சிக்கேற்ப மாறும் ஆற்றல் முதிர்ந்த மூளைக்கும் உண்டு. குழந்தையின் வேகம் நமக்கு வாராது. ஆனால் எது பிழை என்று உணர்ந்து, அவ்விடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பயிலும் பொறுமை நமக்கு உண்டு. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பயில்வதினும், நாள்தோறும் 15 நிமிடம் பயில்வது நன்று. மூட்டு வலித்தால் நிறுத்திவிடல் வேண்டும்.

வளையும் மரம்

உகுலேலேயின் பக்கப் பலகைகளைப் பச்சை மரத்தால் செய்வதில்லை. அது பின்னர்க் கோணிவிடும். நன்கு உலர்ந்து முதிர்ந்த மரத்தை மெல்லியதாக இழைத்து, ஈரமும் சூடும் ஊட்டி, மெல்ல மெல்ல வளைக்கின்றனர். அவசரப்பட்டால் முறியும், பொறுத்துச் செய்தால் வளைந்த வடிவிலேயே நிலைத்து நின்று இசைக்கு இடந்தரும்.

ஐம்பதில் வளையுமா என்று கேட்போர்க்கு அக்கருவியே விடை பகர்கிறது. மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் மூத்தோர் ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கித் தடுமாறும்போது நகைத்துவிடாதீர்கள். அச்சிரிப்பு ஒரு கருவியை உறைக்குள் அனுப்பிவிடக்கூடும்.