உங்களுக்குத் தெரியுமா? கணையத்தில் தெரியும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல

மஞ்சள் காமாலை, எடை இழப்பு, சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு வீக்கம். மூன்றும் சேர்ந்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது புற்றுநோயைத்தான், சந்தேகிக்கவும் வேண்டும். ஆனால், உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்கும் ‘ஆட்டோஇம்யூன்’ கணைய அழற்சி என்ற அரிய நோயும் இதே வேஷம் கட்டி வரும். புற்றுநோய் என்று வெட்டியெடுத்த கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு புற்றணுகூட இல்லை என்ற நிலை பலமுறை நேர்ந்திருக்கிறது. அந்த அறுவையோ வயிற்று அறுவைகளிலேயே கடினமானவற்றுள் ஒன்று. ஸ்கேனிலேயே துப்பு கிடைப்பதுண்டு: இந்த அழற்சியில் கணையம் மேடுபள்ளம் மறைந்து திரண்டிருக்கும், சுற்றிலும் மெல்லிய விளிம்பு தெரியும். புற்றுநோயில் கட்டிக்குப் பின்னால் விரிந்து நிற்கும் கணையக் குழாய், இதில் நெடுக ஒடுங்கியிருக்கும்.

“ஆராய்ந்துகொண்டே இருந்தால் புற்றுநோய் முற்றிவிடாதா?” என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். அதனால்தான் ஊசிவழித் திசுப் பரிசோதனை முதலில் வருகிறது. புற்றணு இல்லையென்றால் சுமார் 2 வாரம் ஸ்டீராய்டு கொடுத்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். அழற்சியானால் வீக்கம் வற்றத் தொடங்கும், வற்றாவிட்டால் அறுவைதான். இந்நோயில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புரதம் ரத்தத்தில் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். ஆனால், அந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி ஸ்டீராய்டைத் தொடங்குவதும் ஆபத்து. கணையப் புற்றுநோயாளிகள் சிலருக்கும் அது கூடுகிறது.