கறுப்புத் திரையில் ஒரு வரி

'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்று பழைய கம்ப்யூட்டர் எழுதிக் காட்டினால் முதலில் கொஞ்சம் சந்தோஷப்படலாம். அந்த ஒரு வரி திரைக்கு வர பிராசஸர் ஓடியிருக்க வேண்டும், ரேம் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும், படம் அனுப்பும் சிப்பும் உயிரோடு இருந்திருக்க வேண்டும். பாதி மெஷின் நலம் என்பதற்கு அந்த வரியே சாட்சி. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டு வாயே திறக்காமல் இருக்கிறதே, அதுதான் பயப்பட வேண்டிய ரகம்.

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்கள்தான் திருநாவலூர் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். பிளஸ் டூ படித்த பிள்ளை சென்னைக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விட, லேப்டாப் பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. பழைய போட்டோ ஒன்று தேவைப்பட்டு என்றைக்காவது இறக்கி ஆன் செய்தால் அடம் பிடிக்கும். உளுந்தூர்ப்பேட்டைக்கோ பண்ருட்டிக்கோ தூக்கிக்கொண்டு போனால் அநேகமாகக் கிடைக்கும் பதில்: "ஃபார்மட் போட்டுடலாம்ணே." நோயைப் பார்க்காமலே எழுதும் மருந்துச் சீட்டு இது. கம்ப்யூட்டர் எந்தப் படிவரை ஏறி எங்கே நின்றது என்று தெரிந்தால் பாதி நேரம் ஃபார்மட்டே தேவைப்படாது.

முதல் படி 1978-ல் இருக்கிறது. அந்த ஆண்டு இன்டெல் 8086 என்ற 16 பிட் பிராசஸரை வெளியிட்டது. சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள், அதிகபட்சம் 1 எம்பி நினைவகம். அதன் வழிவந்த இன்றைய பிராசஸரில் டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும், ஆன் செய்த கணத்தில் அது பழைய 16 பிட் முறையிலேயே கண் திறக்கிறது. பிறகு 1985-ல் 386 கொண்டுவந்த 32 பிட் முறைக்கு ஏறி, 2003-ல் ஏஎம்டி சந்தைக்குக் கொண்டுவந்த 64 பிட் முறைக்கு வந்து சேர்கிறது. கால் நூற்றாண்டு வரலாற்றை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கண்சிமிட்டும் நேரத்தில் நடந்து முடிக்கிறது. இந்தப் பழைய வாசலை அடைத்துவிடலாம் என்று 2023-ல் இன்டெல் ஒரு திட்டம் சொன்னது. 2024 டிசம்பரில் அதையும் கைவிட்டது.

கண் திறந்த பிராசஸருக்கு ஒரே ஒரு முகவரி தெரியும். 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள இடம். பதினாறு பைட்டில் என்ன எழுதிவிட முடியும்? 'அங்கே போ' என்ற கட்டளைதான் அங்கே இருக்கும். போகும் இடம், மதர்போர்டில் தனிச் சிப்பில் குடியிருக்கும் பயாஸ் என்ற தொடக்கப் புரோகிராம். இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். ரேமைத் தயார் செய்வது பயாஸின் வேலை. ஆனால் எந்தப் புரோகிராமும் இடைக்கணக்கு எழுதிவைக்க ரேம் வேண்டுமே! அதனால் பிராசஸருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கேஷ் நினைவகத்தையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு அசல் ரேமை எழுப்புகிறார்கள். ரேம் பலகையின் மூலையிலும் ஒரு குட்டிச் சிப் உண்டு. தன் அளவென்ன, வேகமென்ன என்பதை அதில் எழுதி வைத்திருப்பதால் பயாஸ் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

இந்தக் கட்டத்தில் பிழை வந்தால் அதைத் திரையில் எழுத வழியில்லை. அதனால்தான் டெஸ்க்டாப்களில் 'பீப்' சத்தம். அவார்டு நிறுவனத்தின் பயாஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும்பீப்பும் வந்தால் டிஸ்பிளே கோளாறு. ஏஎம்ஐ பயாஸில் மூன்று குறும்பீப் என்றால் ரேம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், யாருடைய பயாஸ் என்று தெரியாமல் பீப் எண்ணுவதில் பயனில்லை.

ரேம்தான் சிக்கல் என்றால் நம்மூர் மெக்கானிக் பென்சில் அழிக்கும் ரப்பரை எடுப்பார். கேலி செய்ய வேண்டாம், அது வேலை செய்கிறது. ரேமின் விளிம்பில் உள்ள பொன்முலாம் பூசிய பட்டைகளில் தூசியும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் கட்டும். தொடர்பு விட்டுவிட்டு வரும். ரப்பர் அந்தப் படலத்தைச் சுரண்டுகிறது. ஆனால் முலாமும் மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் அதுவும் கூடவே போகும். பல நேரம் ரேமைக் கழற்றி இரண்டு மூன்று முறை செருகினாலே போதும், உரசலில் படலம் கிழிந்துவிடும். அதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு ஆன் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கிய மின்னேற்றம் வடிந்து, ஸ்தம்பித்து நின்ற கட்டுப்பாட்டுச் சிப் புதிதாகத் தொடங்கும். இதோடு சரியாகிவிடும் லேப்டாப்களும் உண்டு.

அடுத்து 'சிமாஸ் செக்சம் எரர்'. பெயர்தான் மிரட்டும், காரணம் பெரும்பாலும் தீர்ந்துபோன பேட்டரிதான். மதர்போர்டில் காசு அளவில் ஒரு லித்தியம் பேட்டரி உண்டு, பெரும்பாலும் சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் ஓட்டிக் கடிகாரத்தைக் காப்பது இதன் வேலை. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், நொடி கிடைத்துவிடும். பல ஆண்டுகள் பீரோ மேல் கிடந்தால் பேட்டரி தீர்ந்து தேதி பழைய ஏதோ ஒரு ஜனவரி 1-க்குப் போய்விடும். அப்புறம் நெட்டைத் திறந்தால் ஒவ்வொரு தளமும் பாதுகாப்பில்லை என்று மிரட்டும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. கம்ப்யூட்டர் பத்தாண்டு பின்னால் வாழ்வதால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைக்கிறது. வைரஸ் என்று முடிவுகட்டி ஃபார்மட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்களில் சில, பேட்டரி மாற்றினாலே பிழைத்திருக்கும்.

இவ்வளவையும் கடந்தால்தான் நாம் தொடங்கிய அந்த வரி. முதலில் பென் டிரைவ் ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அதை ஹார்ட் டிஸ்க் என்று நம்பி அதற்குள் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் டிஸ்கின் முதல் 512 பைட்டில் விஷயம் இருக்கிறது. பழைய முறையில் அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்றே இருக்க வேண்டும். இரும எண்ணில் எழுதினால் பூஜ்யமும் ஒன்றும் மாறிமாறி வரும், இரண்டாவது பைட் முதலாவதன் தலைகீழ். இந்த முத்திரை இல்லையென்றால், பின்னால் ஐநூறு ஜிபி பத்திரமாக இருந்தாலும் பயாஸ் திரும்பிக்கூடப் பார்க்காது.

முத்திரையும் கையெழுத்தும் பார்ப்பது திருநாவலூருக்குப் புதிதில்லை. இந்த ஊரில் பிறந்த சுந்தரரின் திருமணத்தை ஒரு கிழவர் அடிமை ஓலையோடு வந்து தடுத்த கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவர் அசராமல், கிழிந்தது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்து நீட்டினார். அவையோரும் அதை அப்படியே ஏற்கவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு கையெழுத்தை ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். டிஸ்கின் பழைய முறையில் இந்த முன்யோசனை இல்லை. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பிரிவினை அட்டவணை முதல் 512 பைட்டில் மட்டும் இருந்தது, அது அழிந்தால் வழக்கு தோற்றது. பின்னால் வந்த ஜிபிடி முறையில் அட்டவணை டிஸ்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. இரண்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. முன்னது கெட்டால் பின்னதை வைத்து மீட்கலாம்.

அரசு லேப்டாப்களுக்கே உரிய பிழை ஒன்று உண்டு. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்பது கிரப் என்ற சிறு புரோகிராம். அதன் தலை முதல் 512 பைட்டில், உடம்பு லினக்ஸ் பிரிவில். சினிமா வைக்க இடம் போதவில்லை என்று லினக்ஸ் பிரிவை அழித்துவிட்டால், மறுநாள் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொல்லோடு திரை நின்றுவிடும். தலை உடம்பைத் தேடுகிறது, அவ்வளவுதான். விண்டோஸும் போட்டோக்களும் தொடப்படாமல் அப்படியே கிடக்கும். விண்டோஸ் பென் டிரைவிலிருந்து ரிப்பேர் பகுதிக்குப் போய் முதல் 512 பைட்டின் நிரலை மட்டும் மாற்றி எழுதினால் வேலை முடிந்தது.

ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக், டக்' என்று சீரான சத்தம் வந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யக் கூடாது. தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய முனை இடம் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். முனை தட்டை உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் போட்டோக்கள் சுரண்டப்படும். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்காமல், டிஸ்கைக் கழற்றித் தகவல் மீட்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். சத்தமில்லாத நல்ல டிஸ்க் என்றால், ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகிப் போட்டோக்களை எடுத்துக்கொண்ட பிறகு, கடைக்காரர் ஆசைப்படி ஃபார்மட் போடலாம்.