பிள்ளை கழகம் மாறும்போது



கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். மகன் தோட்டத்துத் திடலில் நன்றாகப் பந்து விளையாடுகிறான். பார்த்தவர்கள் புகழ்கிறார்கள். "இவனை இங்கேயே வைத்திருந்தால் வீணாகிவிடும். ஈப்போவில் பெரிய கழகம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள்" என்று யாரோ சொல்கிறார்கள். அன்று முதல் வீட்டில் அதே பேச்சுத்தான். அப்பா போகட்டும் என்கிறார். அம்மா செலவை எண்ணித் தயங்குகிறார். பிள்ளையோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

கழகம் மாறுவது தவறா? தவறில்லை. ஆனால் அவசரத்தில் மாறுவதும், சண்டையிட்டுக்கொண்டு மாறுவதும், எழுத்தில் ஒன்றுமில்லாமல் மாறுவதும் பின்னால் பிள்ளையைத்தான் பாதிக்கும். எனவே மாற்றத்திற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில், மாற விரும்புவது யார் என்று பார்க்க வேண்டும். பயிற்றுநரோடு அப்பாவுக்கு மனத்தாங்கல் என்றால் அது பிள்ளையின் காரணமாகாது. கூட்டாளி போய்விட்டான், நானும் போகிறேன் என்பது ஒரு காரணந்தான், ஆனால் அது நெடுநாள் நிற்காது. பதினொரு பேரில் ஒருவனாக ஆட இடம் கிடைக்கவில்லை என்பது சற்று வலுவான காரணம். இருந்தாலும், சிறிய கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைக்குப் பெரிய கழகத்தில் உடனே இடம் கிடைத்துவிடுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். "இங்கே கற்பதற்கு இனி ஒன்றும் இல்லை, எனக்குச் சமமாக ஆடுகிறவர்களும் இல்லை" என்பதே உண்மையான காரணம். இதைப் பிள்ளையின் வாயால் கேட்க வேண்டும். மாட்டம் முடிந்து வந்த சூட்டில் கேட்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து, சாப்பாட்டுக்குப் பின் அமைதியாகக் கேட்டால் உண்மை வெளிவரும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை வைத்தே குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே குழுவில் ஆடுவார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம். பன்னிரண்டு வயதில் அந்த ஓராண்டு உயரத்திலும் பலத்திலும் பெரிதாகத் தெரியும். இளையோர் குழுக்களில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே அதிகமாகத் தேர்வு பெறுகிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நம் பிள்ளை ஓரத்தில் உட்கார வைக்கப்படுவதற்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில சமயம் மருந்து, கழகம் மாறுவதன்று. ஓராண்டு பொறுத்திருப்பதே.

அடுத்தது பாதை. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 120 என்று வைத்துக்கொள்வோம். வாரம் இருமுறை பயிற்சி என்றால் 240 கிலோமீட்டர். நான்கு வாரத்திற்கு 960 கிலோமீட்டர். மாட்ட நாட்கள் இதில் சேரவில்லை. அதுவும் மலைச்சாலை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. எண்ணெய்ச் செலவு, காலணி, சந்தா, வழியில் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதைக் குடும்பத்தின் மாத வருமானத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இந்தச் செலவால் அக்காளின் டியூஷனோ தம்பியின் பள்ளிச் செலவோ குறையுமா? ஒரு பிள்ளையின் விளையாட்டுக்காக மற்றொரு பிள்ளையின் படிப்பு விலையாகக் கூடாது. ஒருவர் தனியாக இழுக்க முடியாத பாரத்தை மூன்று நான்கு குடும்பங்கள் வண்டியைப் பகிர்ந்துகொண்டு இழுக்கலாம். அப்படியும் இயலாவிட்டால் பிரிஞ்சாங், தானா ராத்தா பக்கம் ஏதேனும் குழு உண்டா என்று முதலில் விசாரிக்கலாம்.

ஈப்போ பேராக் மாநிலம், கம்போங் ராஜா பகாங் மாநிலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பள்ளி விளையாட்டு பள்ளியைப் பொறுத்தது. கேமரன் மலையில் படிக்கும் மாணவன் தன் பள்ளிக்கு ஆடி, மாவட்டத்தைக் கடந்து பகாங் மாநிலக் குழுவுக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது. ஈப்போக் கழகத்தில் சேர்ந்ததற்காகப் பள்ளிக் குழுவை விட்டுவிட வேண்டாம். இரண்டு பயிற்சிகளும் சேர்ந்து பிள்ளையை வாட்டாமலிருக்க, வாரத்தில் ஓரிரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

இனி, பலர் அஞ்சும் விஷயத்திற்கு வருவோம். "பழைய கழகம் விடமாட்டேன் என்கிறது, பணம் கேட்கிறது" என்று சிலர் கலங்குகிறார்கள். ஊதியமின்றி விளையாடும் சிறுவனைக் கழகம் உடைமையாக வைத்துக்கொள்ள முடியாது. உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகளில் பயிற்சி இழப்பீடு என்று ஒன்று உண்டு. ஆனால் அது விளையாட்டாளர் முதன்முதலாகத் தொழில்முறை வீரராகப் பதியும்போதோ, பின்னர் நாடுவிட்டு நாடு மாறும்போதோதான் எழும். அப்போதும் கழகத்திற்குக் கழகம் கொடுப்பதே தவிர, தாய் தந்தையர் கொடுப்பதன்று. அமெச்சூராக ஆடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னொரு அமெச்சூர் கழகத்திற்குப் போவதற்கு ஃபிஃபா விதி எந்த விலையும் வைக்கவில்லை. பாக்கியுள்ள சந்தாவும், திருப்பித் தர வேண்டிய சட்டையும் பந்தும் வேறு விஷயம். அவற்றைத் தீர்த்துவிடுவது முறை.

பதிவு பெற்ற கழகங்களில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒரு பருவத்தில் மூன்று கழகங்களுக்கு மேல் பதியக் கூடாது. அதிகாரபூர்வமான மாட்டங்களில் இரண்டு கழகங்களுக்கு மட்டுமே ஆடலாம். ஆகவே ஆண்டு நடுவில் இங்கும் அங்கும் தாவினால், நல்ல போட்டி வரும் நேரத்தில் பிள்ளை ஆட முடியாமல் வெளியில் நிற்க நேரும். பருவம் முடியும்வரை காத்திருந்து மாறுவதே சிறந்தது.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியச் சட்டப்படி பதினெட்டு வயது நிறையாதவர் தாமாகச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஆனால் அரசும் கல்வி நிலையங்களும் தரும் உபகாரச் சம்பள ஒப்பந்தங்களுக்கு விதிவிலக்கு உண்டு. பெற்றோர் தாங்களே போடும் கையெழுத்து பெற்றோரைக் கட்டும். எனவே எந்தத் தாளையும் அன்றைக்கே கையெழுத்திட்டுத் தர வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மலாய் நன்கு படிக்கத் தெரிந்த ஆசிரியரிடமோ தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடமோ காட்டுங்கள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, பழைய கழகத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? தோட்டத்துக் குழுவில் பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள். நன்றாக ஆடும் இருவர் போய்விட்டால் மாட்டத்திற்குப் பதினொரு பேர் சேர்வதே கடினம். வேலை முடிந்த களைப்போடு, காசு வாங்காமல், மாலைதோறும் திடலுக்கு வந்து பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு மனம் வலிக்காதா? அந்த வலியைக் கோபமென்று எண்ணிவிடக் கூடாது.

அத்தகைய சிறு கழகத்திற்கும் விதிகளில் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தொழில்முறை வீரர் ஒருவர் நாடுவிட்டு நாடு விலைக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்து மூன்று வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் கால் விழுக்காடு. பத்து லட்சம் வெள்ளிக்கு மாறினால், அந்த நான்கு ஆண்டும் பயிற்றுவித்த கழகத்திற்குப் பத்தாயிரம் வெள்ளி. இப்படி ஒரு பிள்ளை வருவது மிக அரிது, உண்மைதான். ஆனால் அப்படி வந்தாலும், அந்தப் பிள்ளை தம்மிடம் பதிவு பெற்று ஆடினான் என்று காட்ட முடியாத கழகத்திற்கு ஒரு காசும் வராது. ஆகவே பிள்ளையைப் பிடித்து வைப்பதில் கழகத்திற்கு லாபமில்லை. முறையாகக் காற்பந்துச் சங்கத்தில் சேர்ந்து, பிள்ளையின் பெயரைப் பதிந்து, போகும்போது வாழ்த்தி அனுப்புவதில்தான் லாபம்.

எப்படி விடைபெறுவது? பயிற்றுநருக்கு இந்தச் செய்தி முதலில் பெற்றோர் வாயிலாகத்தான் தெரிய வேண்டும், திடலில் பரவும் பேச்சாகத் தெரியக் கூடாது. பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். குறைகளைப் பட்டியலிட வேண்டாம். பருவம் முடியும்வரை ஆடிக் கொடுப்பதாகச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். பாக்கியைத் தீர்த்து, விடுவிப்புக் கடிதம் ஒன்றைத் தேதியோடும் கையொப்பத்தோடும் கேளுங்கள். பிள்ளை தன் வாயால் நன்றி சொல்லட்டும். புதிய இடம் ஒத்துவராமல் திரும்பி வர நேர்ந்தால், நல்லபடியாக மூடிய கதவு எளிதில் திறக்கும்.

புதிய கழகத்தைச் சேருமுன் கண்ணால் பார்க்க வேண்டும். 1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை அன்று. பயிற்சியின்போது சென்று ஓரமாக நில்லுங்கள். தவறு செய்த பிள்ளையைப் பயிற்றுநர் எப்படித் திருத்துகிறார்? அடி விழுகிறதா, ஏச்சு விழுகிறதா? அடிபட்ட பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? பெற்றோர் பார்க்க வரக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். வெளியூர் மாட்டத்திற்குப் போகும்போது யாரோடு போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்பதைக் கேளுங்கள். பெண்பிள்ளைகள் ஆடும் கழகமானால் கூடவே பொறுப்பான பெண் ஒருவர் இருக்க வேண்டும், உடைமாற்றத் தனி இடம் வேண்டும். பயிற்றுநர் யாரானாலும் பிள்ளையோடு தனியே அறையிலோ வண்டியிலோ இருக்கும் வழக்கம் கூடாது. ஏதேனும் தவறாக நடந்தால் மூடி மறைக்க வேண்டாம். 15999 என்ற 'தாலியான் காசே' தொலைபேசி எண்ணிலும் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம்.

எங்கே சேர்ந்தாலும் முதலில் கேட்கப்படுவது பிறப்புப் பத்திரம். நம் குடும்பங்களில் சிலருக்கு இன்னும் அது சரியாக இல்லை. பந்து விளையாட்டுக்கு மட்டுமல்ல, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அதுவே திறவுகோல். பத்திரமில்லாத பிள்ளை இருந்தால், கழகத்தைத் தேடுவதற்கு முன் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தைத் தேடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "உங்கள் மகனை வெளிநாட்டுக் கழகத்தில் சேர்க்கிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாரேனும் வந்தால், சட்டென்று நம்ப வேண்டாம். பதினெட்டு வயது நிறையாதவரை நாடுவிட்டு நாடு பதிவதை ஃபிஃபா தடுத்திருக்கிறது. பெற்றோர் வேறு காரணத்திற்காகக் குடிபெயர்வது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. உலகப் புகழ் பெற்ற பார்சலோனா கழகமே இந்த விதியை மீறியதற்காக 2014-இல் தண்டிக்கப்பட்டது. அங்கே பயின்றுகொண்டிருந்த தக்கேஃபூசா குபோ என்ற ஜப்பானியச் சிறுவன், ஆட முடியாமல் 2015-இல் தாய்நாடு திரும்பினான். தோக்கியோவில் ஆடி வளர்ந்து, பதினெட்டு நிறைந்த பிறகு 2019-இல் மீண்டும் ஸ்பெயினுக்குப் போனான். நம் நாட்டிலும், பகாங் மாநிலத்துக் கம்பாங்கில் அமைந்த முக்தார் டஹாரி அகாடமியில் பயின்ற லுக்மான் ஹக்கிம், பதினெட்டு வயதான பின்னரே 2020-இல் பெல்ஜியத்துக் கழகத்தில் சேர்ந்தார். பெரிய கழகமே விதியைத் தாண்ட முடியாதபோது, முன்பணம் கேட்கும் இடைத்தரகர் எப்படித் தாண்டுவார்? புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்ற அரசாங்க விளையாட்டுப் பள்ளிகளுக்கும் தேர்வின் வழியேதான் நுழைய முடியும். அதற்கான விவரத்தைப் பிள்ளையின் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள்.

நேயர்களே, இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரை உண்மையிலேயே பச்சையாக இருக்கவும் கூடும். போய்ப் பார்த்து, கணக்குப் போட்டு, பிள்ளையின் மனத்தைக் கேட்டு, பழையவரிடம் முறையாக விடைபெற்றுப் போனால் அதில் பிழை ஒன்றுமில்லை. போகாமல் இருப்பது என்று குடும்பம் முடிவெடுத்தாலும் பிள்ளையின் எதிர்காலம் அழிந்துவிடாது. தோட்டத்துத் திடலில் நாள்தோறும் மகிழ்ச்சியோடு ஓடியாடும் பிள்ளைக்கு உடல் உரமாகும், கூடி வாழும் பழக்கம் வரும். எந்தக் கழகத்தின் சட்டையைப் போட்டிருந்தாலும், அதைத்தான் நாம் பிள்ளைகளுக்கு முதலில் தர விரும்புகிறோம்.