கார் கதவில் பெரிய ஸ்பீக்கர்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

நம்மவர்கள் கார் வாங்குவது பெரும்பாலும் ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. வாரத்தில் இரண்டு நாள் லைன் வசூல், மாதத்தில் ஓரிரு முறை கொள்முதல், நடுவில் கல்யாணம், காதுகுத்து. மதுரையிலிருந்து விருதுநகர், திண்டுக்கல், தேனி என்று ஓடும் அந்த நேரத்தில் பாட்டுத்தான் துணை. வண்டியோடு வந்த சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பெரிதாக ஒன்றைக் கதவில் போட வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. வாலிபப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆசை அவர்களிடமிருந்து வரும், பணம் நம் கல்லாவிலிருந்து போகும்.

அந்த ஆசை தவறென்று சொல்ல நான் எழுதவில்லை. சரியாகப் பொருத்திய நல்ல ஸ்பீக்கர் பத்து வருடம் உழைக்கும். ஆனால் மளிகைச் சரக்கில் ஏலக்காயை முகர்ந்து பார்த்து, பருப்பைக் கடித்துப் பார்த்து வாங்கும் நாம், இந்தச் சரக்கில் மட்டும் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். என் தங்கை மகன் கார் ஸ்டீரியோ பொருத்தும் பட்டறை வைத்திருக்கிறான். கடை விடுமுறை நாட்களில் அங்கே போய் உட்கார்ந்து பார்த்ததையும், அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாட் கணக்கு. பெட்டியில் 300 வாட், 400 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது கண நேரம் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவை ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் ஓரமாகப் போட்டிருப்பார்கள். அது 50 அல்லது 60 ஆக இருக்கும். சில மலிவுச் சரக்கில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண் இருக்கும். அதற்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. சாக்கு, கல், மண் எல்லாம் சேர்த்து எடைபோட்டு மூட்டையின் மேல் எழுதினால் எப்படியோ அப்படித்தான் இது. நாம் பாக்கெட் போட்டு விற்கும் சரக்கில் நிகர எடையை அச்சடிக்காமல் விற்க முடியாது. ஸ்பீக்கர் வாங்கும்போதும் அந்த நிகர எடையைத்தான், அதாவது ஆர்.எம்.எஸ். அளவைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்பீக்கர் தாங்குவது ஒரு பக்கம், அதற்குக் கிடைப்பது இன்னொரு பக்கம். வண்டியில் இருக்கும் ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் வீதம் நான்கு என்று போட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். ஸ்பீக்கரின் தடை வழக்கமாக 4 ஓம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு ஸ்பீக்கருக்கு 25 வாட்டைத் தொடுவதே கஷ்டம். கழிவு போக 20 வாட் அளவில்தான் வந்து நிற்கும். ஆகவே தனியாக ஆம்ப்ளிஃபயர் வைக்காதவர், 300 வாட் ஸ்பீக்கரைத் தேடி அலைவதில் பொருளில்லை. அவர் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி என்ற எண்ணை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தந்துவிடும். பாதிச் செலவில் அதே வேலை.

இனி அளவு. கதவுகளில் பரவலாக வருபவை 4 அங்குலம், ஐந்தேகால் அங்குலம், ஆறரை அங்குலம். பேச்சில் இவற்றுக்கிடையே அதிக வித்தியாசம் தெரியாது. ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். நாலை நாலால் பெருக்கினால் 16, ஆறரையை ஆறரையால் பெருக்கினால் 42 சொச்சம். ஆக, ஆறரை அங்குல ஸ்பீக்கர் 4 அங்குலத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் காற்றைத் தள்ளும். ஐந்தேகாலோடு ஒப்பிட்டாலும் ஒன்றரை மடங்கு. தவில், மிருதங்கம் போன்ற கனத்த ஒலிக்குக் காற்றுத்தான் மூலதனம். ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது அதே சத்தம் வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் கதவு என்பது ஸ்பீக்கர் வைப்பதற்காகச் செய்த பெட்டி அல்ல. கண்ணாடி இறங்கும் பள்ளம் அது. மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலும் அதுதான். பூட்டுக் கம்பியும் ஜன்னல் மோட்டாரும் அதற்குள்தான். பழைய அம்பாசிடரிலும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் நம்மவர்கள் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் முட்டை வடிவ 6-க்கு 9 ஸ்பீக்கரைப் பதித்தார்கள். அடியில் சாமான் வைக்கும் இடமே பெட்டியாக அமைந்துவிட்டதால் கனமான ஒலி தானாகவே வந்தது. அந்த ஞாபகத்தில் கதவிலும் ஓட்டை போட்டு மாட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். கதவில் அது நடக்காது.

ஆழத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் விட்டத்தை எல்லாரும் கேட்கிறார்கள், ஆழத்தை யாரும் கேட்பதில்லை. காந்தம் பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பொருத்தும் ஆழம். அது பெட்டியில் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். டோர் பேடைக் கழற்றி, கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, தகரத்திலிருந்து கண்ணாடி வரை அளவெடுங்கள். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அளப்பது கோணல் தராசில் நிறுப்பது போல. கிடைத்த அளவில் 5 மில்லிமீட்டராவது கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கண்ணாடி ஓட்டத்தில் ஆடும். இடம் போதவில்லை என்றால் வளையம் வைத்து ஸ்பீக்கரை முன்னே தள்ளலாம். அப்போது முன்பக்கம் டோர் பேட் இடிக்கக் கூடும். அதற்கு என் மருமகன் செய்வது நம் கடைச் சரக்கை வைத்துத்தான். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, ஸ்பீக்கரின் விளிம்பில் ஒட்டி, டோர் பேடை அழுத்தி எடுத்துப் பார்க்கிறான். மாவு எவ்வளவு நசுங்காமல் நிற்கிறதோ அவ்வளவு இடம் இருக்கிறது. "ஸ்கேல் பொய் சொல்லும் மாமா, மாவு சொல்லாது" என்பான்.

காந்தம் பெரிதாக இருந்தால்தான் ஸ்பீக்கர் உயர்ந்தது என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. கையில் தூக்கிப் பார்த்துக் கனத்தை வைத்து விலை பேசுகிறோம். நியோடிமியம் என்ற காந்தம் கைக்கடக்கமாக இருந்தாலும் அதிக இழுவை உள்ளது. ஆழம் குறைந்த கதவுக்கு அந்த வகை கைகொடுக்கும், விலை மட்டும் கூடுதல்.

எங்கள் வீதியில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் வண்டிக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். மகனின் பிரியத்துக்காக ஒரு கடையில் ஐந்தேகால் ஓட்டையை ஆறரையாக்கச் சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் வளையம் தேடக்கூடச் சிரமப்படாமல் கட்டிங் வீலால் தகரத்தை அறுத்தார்கள். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்தார்கள். ஒயரின் கப்ளரை வெட்டிவிட்டு முறுக்கி டேப் சுற்றினார்கள். அன்று பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அடுத்து வந்தது 2021 கார்த்திகை மழை. கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் தண்ணீர் வழக்கமாகக் கதவின் அடியில் உள்ள துவாரங்கள் வழியாக வெளியேறிவிடும். அது உள்ளே தெறிக்காமல் தடுப்பதுதான் அந்தப் பிளாஸ்டிக் தாள். தாள் போன பிறகு தண்ணீர் டோர் பேடில் ஊறியது, கால் மிதியடி நனைந்தது, ஜன்னல் சுவிட்சு பழுதானது. அறுத்த விளிம்பில் பெயிண்ட் அடிக்காததால் துருவும் ஏறியது. சர்வீஸுக்குப் போனால், ஒயரிங்கில் வெளியாள் கைவைத்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஸ்பீக்கர் வேலை செய்த கடையோ ரசீது எங்கே என்று கேட்டது. வரியில்லாமல் குறைத்துத் தருகிறோம் என்று சொன்னதை நம்பி அவர் பில் வாங்கவில்லை. வாய்ப்பேச்சில் கொடுத்த உத்தரவாதத்துக்குச் சாட்சி எங்கே இருக்கும்? ஸ்பீக்கருக்குக் கொடுத்ததைவிடக் கதவைச் சீராக்கக் கொடுத்ததுதான் அதிகம்.

தகரத்தை அறுக்காமலே பெரும்பாலான வேலையை முடிக்கலாம் என்பதுதான் இதில் வருத்தம். அந்தந்த மாடலுக்கென்று பிளாஸ்டிக் வளையமும், வெட்டாமல் செருகும் கப்ளரும் விற்கிறார்கள். மரத்தூள் அழுத்திய எம்.டி.எஃப். பலகையில் வளையம் செய்து தருகிறேன் என்றால், நாலு பக்கமும் பெயிண்டோ வார்னிஷோ அடித்துத் தரச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் அது வெல்லம் கசிவது போல ஊதிக் குலைந்துவிடும். இன்னொன்று, சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்தக் கருவி முன்கதவுக்குள் இருக்கிறது. கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென மாறுவதை வைத்துத்தான் அது ஏர்பேகுக்குச் செய்தி அனுப்புகிறது. அப்படிப்பட்ட கதவில் புதிதாகத் துவாரம் போடுவதும், இருக்கிற மூடியைக் கழற்றிவிடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். உங்கள் வண்டியில் அது உண்டா என்று கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நல்ல ஸ்பீக்கரை மாட்டியும் கனமான ஒலி வரவில்லை என்று குறைப்படுபவர்கள் பலர். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. முன்னும் பின்னும் எதிரெதிர் அலைகள். வளையத்தைச் சுற்றி இடைவெளி இருந்தாலோ, உள்தகரத்தில் பெரிய ஓட்டைகள் திறந்து கிடந்தாலோ இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வரவும் செலவும் சரியாகப் போய்க் கையில் ஒன்றும் நிற்காத கணக்கு மாதிரி. வளையத்துக்கு அடியில் பஞ்சுப் பட்டை வைத்து இறுக்க வேண்டும். உள்தகர ஓட்டைகளை அதற்கென விற்கும் பியூட்டைல் தாளால் அடைக்கலாம். அதே தாளை வெளித்தகரத்தின் உள்முகத்தில் ஒட்டினால் அதிர்வு அடங்கும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலக் கதவை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். முன்பு டங் என்றது இப்போது தொம் என்று கேட்கும். அடியில் உள்ள தண்ணீர்த் துவாரங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. என்னைக் கேட்டால், விலை உயர்ந்த ஸ்பீக்கரை வெறும் கதவில் மாட்டுவதைவிட நடுத்தர ஸ்பீக்கரை நன்றாக அடைத்த கதவில் மாட்டுவதே லாபம்.

ஒயரிங் விஷயத்தில் இரண்டு மூன்று சங்கதி. வேலை தொடங்கும்முன் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஸ்பீக்கர் பாடும், ஆனால் கனம் காணாமல் போய்விடும். சுவர்க்கடிகாரத்தில் போடும் ஒன்றரை வோல்ட் பாட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால், சரியான முனையில் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால், பாட்டரிக்கு ஒரு முழ தூரத்துக்குள் ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். ஃப்யூஸ் இல்லாத அந்த ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால் வண்டி பற்றிக்கொள்ளும். கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒயர் போக ரப்பர் குழாய் இருக்கிறது. அதன் வழியாகத்தான் புதிய ஒயரும் போக வேண்டும். வெளியே தொங்கவிட்டால் கதவு மூடி மூடி நசுங்கும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 88-ல் நான்கு மணி நேரம்தான் என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றும் ஒரு கணக்கு. மூன்று மூன்றாக ஏற நேரம் பாதி பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் கால் மணி நேரத்தில் வந்து நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுச் சத்தத்தில் பாடவிட்டால் பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும் கேட்காது. பெரிய ஸ்பீக்கர் போடுவதன் நன்மையே, குறைந்த சத்தத்திலும் பாட்டு நிறைவாகக் கேட்கும் என்பதுதான். பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது நாலு கண்ணாடியையும் முழுவதும் இறக்கி ஏற்றிப் பாருங்கள். கதவுப் பூட்டும் ஜன்னல் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். டோர் பேடில் உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் புதியவை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒரு மாதத்தில் கடகடவென்று ஆடும். பிறகு அங்கேயே ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றச் சொல்லி, கதவின் அடியில் வெளியே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஸ்பீக்கரின் மாடல் எண்ணோடு ஜி.எஸ்.டி. பில்லைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களையும் அவற்றின் திருகுகளையும் அங்கே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வாருங்கள். வண்டியை விற்கும் நாளில் அவற்றையே மறுபடி மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியதை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். தகரத்தை அறுத்த கதவில் அது முடியாது.